பேட்டரி டிரில் வாங்கும் முன்: சிங்கப்பூரில் பிராண்டு, பேட்டரி, விலை மூன்றையும் ஒப்பிடும் முழு வழிகாட்டி

என் ஸ்டோர் ரூமில் 12 வோல்ட் டிரில் ஒன்று இருக்கிறது. மோட்டார் இன்றும் நன்றாக ஓடும். பேட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. அதே வடிவத்தில் புதிய பேட்டரி கிடைக்குமா என்று தேக்காவிலிருந்து ஜாலான் புசார் வரை கடை கடையாகக் கேட்டேன். அந்தப் பிராண்டின் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவி, பேட்டரிக்குள் மூன்று நல்ல செல் இல்லாமல் சும்மா கிடக்கிறது. அன்றிலிருந்து நண்பர்கள் யாராவது "எந்த டிரில் வாங்கலாம்?" என்று கேட்டால், "எந்த பேட்டரி வாங்கப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். டிரில் பத்து வருடம் உழைக்கும். பேட்டரி அதற்கு முன்பே போய்விடும். அது போகும் நாளில் அதே பேட்டரி, ஒரிஜினலாக, நியாயமான விலையில் இங்கே கிடைக்க வேண்டும். பிராண்டு ஒப்பீட்டை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

முதல் படி: சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எல்லாச் சுவரும் ஒன்றல்ல. தூண், பீம், கட்டடத்தைத் தாங்கும் சுவர் எல்லாம் கம்பி போட்ட கான்கிரீட். உள் தடுப்புச் சுவர் சில வீடுகளில் செங்கல், புதிய வீடுகளில் இலகுவான பலகைச் சுவர். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பலகைச் சுவர் பொத்தென்று ஒலிக்கும். கான்கிரீட்டில் சத்தமே எழாது, விரல்தான் வலிக்கும்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானோர் முதலில் வாங்குவது "ஹேமர் டிரில்". பெயரில் ஹேமர் இருந்தாலும் உள்ளே இருப்பவை பல் வைத்த இரண்டு தட்டுகள். அவை ஒன்றன்மேல் ஒன்று உரசி பிட்டை, அதாவது துளையிடும் கம்பியை, மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் குதிக்க வைக்கும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி விழும். செங்கலுக்கு இது போதும். பழைய, நன்கு இறுகிய கான்கிரீட்டில் ஒரு 6 மில்லிமீட்டர் துளைக்கே கை ஓய்ந்துவிடும். பிட்டின் முனை கறுத்துப்போகும், பேட்டரி சூடாகும். என் 12 வோல்ட் டிரில் சன்னல் திரைக்கம்பிக்குத் துளை போடும்போது பீமில் திணறியதும் இதனால்தான்.

ரோட்டரி ஹேமர் வேறு வகை. அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஒரு சுத்தியலை எறியும். அடி கருவியிலிருந்தே வருவதால் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். இதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்ற, பள்ளம் வைத்த தண்டுள்ள பிட் வேண்டும். அடிக்கு ஒரு ஜூல் முதல் இரண்டு ஜூல் வரை ஆற்றலோடு அடிக்கும் சின்ன 18 வோல்ட் ரோட்டரி ஹேமரே வீட்டு வேலைக்குத் தாராளம். வீட்டில் கான்கிரீட் அதிகமா? அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பேட்டரிக் குடும்பத்தில் (ஒரே பேட்டரி ஏறும் கருவி வரிசையில்) இப்படியொரு சின்ன ரோட்டரி ஹேமர் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சில மலிவுப் பிராண்டுகளில் டிரில் மட்டும்தான் இருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்ட்டரின் சுவருக்கும் கதவுக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் தனி விதிகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் அங்கே பிட்டை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: பேட்டரி உண்மையிலேயே வேண்டுமா?

வருடத்துக்கு நாலைந்து துளைதான் என்றால் வயர் உள்ள ரோட்டரி ஹேமரே நல்ல வாங்கல். அதே பணத்துக்கு அதிக அடி கிடைக்கும், சும்மா வைத்திருந்தாலும் வயதாகாது. லித்தியம் பேட்டரி அப்படியல்ல. பயன்படுத்தாமல் அலமாரியில் இருந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். ஏணி மேல் ஏறி வேலை செய்பவருக்கும், அடிக்கடி கட்டில், அலமாரி கழற்றி மாட்டுபவருக்கும், இடத்துக்கு இடம் போய் வேலை பார்க்கும் தொழிலாளிக்கும் பேட்டரிக் கருவி பெரிய நிம்மதி. மற்றவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கலாம்.

மூன்றாம் படி: லேபிளில் உள்ள எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

கடைக்காரர் "இது 20 வோல்ட், அது 18 வோல்ட்தான்" என்று சொன்னால் ஏமாற வேண்டாம். ஒரு லித்தியம் செல்லின் வழக்கமான அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4 வோல்ட்டைத் தாண்டும். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் வழக்கமான கணக்கில் 18, முழுச் சார்ஜ் கணக்கில் 20. "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒரே ஐந்து செல்தான். டிவால்ட் பிராண்டு ஒரே பேட்டரியைச் சில நாடுகளில் 18 என்றும் சில நாடுகளில் 20 மேக்ஸ் என்றும் விற்கிறது. அதே போல 10.8 வோல்ட்டும் 12 வோல்ட் மேக்ஸும் ஒன்று, அதில் மூன்று செல். 36 வோல்ட்டும் 40 வோல்ட் மேக்ஸும் ஒன்று, அதில் பத்து செல்.

அடுத்து ஆம்ப்-அவர், கடைகளில் "ஏஎச்" என்பார்கள். தொட்டி எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லும். ஆனால் வேறு வேறு வோல்ட் பேட்டரிகளை ஏஎச் வைத்து ஒப்பிட முடியாது. வோல்ட்டையும் ஏஎச்சையும் பெருக்குங்கள், வாட்-அவர் வரும். 18 வோல்ட், 5 ஏஎச் என்றால் 90 வாட்-அவர். 36 வோல்ட், 2.5 ஏஎச் என்றாலும் அதே 90. பேட்டரியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த எண் அச்சிட்டிருக்கும். உண்மையான ஒப்பீட்டு அளவு இதுதான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 18 வோல்ட் 2 ஏஎச் பேட்டரிக்குள் ஒரே வரிசையாக ஐந்து செல் இருக்கும். வழக்கமான 5 ஏஎச் பேட்டரியில் 2.5 ஏஎச் செல்கள் இரண்டு வரிசையாகப் பத்து. ஆங்கிள் கிரைண்டர் (உலோகத்தை வெட்டும், தேய்க்கும் கருவி), ரோட்டரி ஹேமர் போன்றவை ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் இழுக்கும். பத்து செல் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஐந்து செல் திணறிச் சூடாகும். பெரிய பேட்டரி போட்டதும் அதே கிரைண்டர் வேறு கருவி போல வேலை செய்வது இதனால்தான். செல்லின் அளவும் மாறி வருகிறது. பழைய வகை 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். புதிய வகை 21700. தடிமனானது, அதிக மின்னோட்டம் தாங்கும். போஷின் புரோகோர் வரிசை 21700 செல் கொண்டது, அதில் 4 ஏஎச் பேட்டரிக்கு ஐந்தே செல் போதும்.

பிரஷ்லெஸ் மோட்டார் பற்றி ஒரு வரி. தேய்வதற்கு இதில் கார்பன் பிரஷ் கிடையாது, அதே பேட்டரியில் அதிக நேரம் ஓடும், விலை கூடும். தினமும் வேலை செய்பவருக்கு வாங்கத் தகுந்தது. மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவருக்குச் சாதாரண மோட்டாரே போதும். பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காம் படி: எந்தக் குடும்பம்?

மாப்பிள்ளை பார்க்கும்போது குடும்பத்தையும் விசாரிப்போம் இல்லையா, இங்கேயும் அதையே செய்ய வேண்டும். ஒரு பிராண்டின் பேட்டரி இன்னொரு பிராண்டில் ஏறாது. ஒரே பிராண்டுக்குள்ளேயே ஏறாத இடங்களும் உண்டு, பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

மகிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-இல் வந்தது. இன்றும் அதே வடிவம். டிரில்லிலிருந்து புல்வெட்டி, வேக்யூம் வரை 300-க்கும் மேற்பட்ட பொருள்கள். சிங்கப்பூரில் எந்த ஹார்டுவேர் கடையிலும் பார்க்கலாம், வேலையிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேட்டரி கடன் வாங்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கும் இதைச் சொல்கிறேன். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். மகிட்டாவிலேயே "ஜி வரிசை" என்று விலை குறைந்த 18 வோல்ட் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் பேட்டரி எல்எக்ஸ்டி கருவியில் ஏறாது. பெட்டியில் 18 வோல்ட் என்று பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். 40 வோல்ட் எக்ஸ்ஜிடி வரிசையும் தனி, அந்தப் பேட்டரியும் எல்எக்ஸ்டி கருவிக்கு உதவாது.

போஷில் நீலமும் பச்சையும் இருக்கின்றன. நீலம் தொழில் செய்வோருக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. இரண்டும் 18 வோல்ட்தான், ஆனால் பேட்டரி மாற்றிப் போட முடியாது. சலுகை விலையில் பச்சை டிரில் வாங்கி, பிறகு நீல ரோட்டரி ஹேமர் வாங்கினால் இரண்டு சார்ஜர், இரண்டு வகைப் பேட்டரி என்று ஆகிவிடும். நீலத்திலேயே தொடங்குவது என் யோசனை.

மில்வாக்கியும் ரியோபியும் டிடிஐ என்ற ஹாங்காங் நிறுவனம் விற்கும் பிராண்டுகள், ஆனால் பேட்டரி பொதுவல்ல. மில்வாக்கியில் எம்12, எம்18 என்று இரண்டு முக்கியக் குடும்பம். கருவிகள் உறுதியானவை, விலை அதிகம்; பிளம்பிங், எலக்ட்ரிக்கல் தொழிலுக்கான தனிக்கருவிகள் நிறைய. அந்தத் தொழிலில் இல்லாத ஒருவர் திரைக்கம்பி மாட்ட இதை வாங்க வேண்டியதில்லை. ரியோபி 1996 முதல் ஒரே 18 வோல்ட் பேட்டரி வடிவத்தை விடாமல் வைத்திருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம் அது. வாங்கும் முன் அதன் பேட்டரி இங்கே தடையில்லாமல் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிவால்ட், ஹிக்கோக்கி இரண்டிலும் எனக்குப் பிடித்த ஒரு வசதி இருக்கிறது. டிவால்ட்டின் ஃபிளெக்ஸ்வோல்ட் பேட்டரி 18 வோல்ட் கருவியில் 18 ஆகவும் பெரிய கருவியில் 54 ஆகவும் வேலை செய்யும். ஹிக்கோக்கியின் மல்டி வோல்ட்டும் அப்படியே, 18 அல்லது 36. நாளைக்குப் பெரிய கருவி வாங்கினாலும் அதற்கான பேட்டரி பழைய சின்னக் கருவியிலும் ஏறும் என்பது பெரிய மிச்சம். ஹிக்கோக்கி என்றதும் யாரென்று குழம்ப வேண்டாம். பழைய ஹிட்டாச்சி கோக்கிதான், 2018-இல் பெயர் மாற்றினார்கள்.

இங்கோ, டோட்டல் போன்ற விலை குறைந்த பிராண்டுகளை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். வீட்டில் அவ்வப்போது ஸ்க்ரூ முடுக்க அவை போதும். ஒரே நிபந்தனை: தனி பேட்டரி விற்கிறார்களா, என்ன விலை என்று டிரில் வாங்கும் அன்றே கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

பேட்டரியை இன்னொரு பிராண்டில் போட உதவும் அடாப்டர்கள் இணையத்தில் விற்கின்றன. பல குடும்பங்களில் பேட்டரியும் கருவியும் தங்களுக்குள் தகவல் பரிமாறி, அதிகச் சூடு, அடிமட்டச் சார்ஜ் வந்ததும் நிறுத்திக்கொள்ளும். அடாப்டர் நடுவில் வந்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும். நான் வாங்கமாட்டேன்.

ஐந்தாம் படி: ஒரு தாளில் கணக்கு போடுங்கள்

கருவி மட்டும் விற்பதை "சோலோ" அல்லது "பேர் டூல்" என்பார்கள். மகிட்டாவில் மாடல் எண்ணின் கடைசியில் இசட் இருந்தால் பேட்டரியும் சார்ஜரும் இல்லை என்று பொருள். மில்வாக்கியில் கடைசியில் பூஜ்யம். விலை மலிவாக இருக்கிறதே என்று இதை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு செட்டில் டிரில், இரண்டு 2 ஏஎச் பேட்டரி, சார்ஜர், 199 வெள்ளி. இன்னொன்றில் அதே டிரில், இரண்டு 5 ஏஎச், சார்ஜர், 329 வெள்ளி. முதலாவதில் 72 வாட்-அவர், இரண்டாவதில் 180. கூடுதல் 130 வெள்ளிக்கு 108 வாட்-அவர், அதாவது வாட்-அவருக்கு ஏறக்குறைய 1.20 வெள்ளி. தனி 5 ஏஎச் பேட்டரி கடையில் 120 வெள்ளி என்றால் அது 1.33. ஆகவே பெரிய செட்டே லாபம், ரோட்டரி ஹேமரோ கிரைண்டரோ பின்னால் வாங்கப்போகிறீர்கள் என்றால். வெறும் ஸ்க்ரூ வேலைக்கு 2 ஏஎச் போதும், கையும் வலிக்காது.

இப்போது ஐந்து வருடத்தைப் பாருங்கள். 329 வெள்ளி செட், பிறகு தலா 130 வெள்ளிக்கு இரண்டு சோலோ கருவிகள், ஐந்தாம் வருடம் ஒரு புதிய பேட்டரி 120: மொத்தம் 709. மூன்று கருவியும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாகத் தலா 140 வெள்ளிக்கு மூன்று தனித்தனி மலிவு செட் வாங்கினால் 420. ஆனால் பேட்டரி செத்ததும் தனியாகக் கிடைக்காமல் மூன்றையும் மறுபடி வாங்கினால் 840. கடையில் நீங்கள் பார்க்கும் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். சில நேரம் மலிவு செட்டே ஜெயிக்கும், முக்கியமாக ஒரே ஒரு கருவிதான் வேண்டும் என்றால்.

ஆறாம் படி: போலியைத் தராசில் பிடியுங்கள்

மகிட்டா வடிவப் பேட்டரிகளுக்கு இணையத்தில் போலி ஏராளம். 288விஎஃப், 388விஎஃப், 48 வோல்ட் என்றெல்லாம் எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. உள்ளே பெரும்பாலும் அதே ஐந்து செல், அதுவும் தரம் குறைந்தது. பிராண்டின் பெயரையே ஒட்டி, ஸ்டிக்கரையும் அச்சு அசலாகப் போட்டு வரும் போலிதான் இன்னும் ஆபத்து. நான் ஓர் இணையக் கடையில் "ஒரிஜினல் 5 ஏஎச்" என்று வாங்கியது அப்படிப்பட்டது. சார்ஜர் வழக்கமாக முக்கால் மணி நேரம் எடுக்கும் வேலையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டது. அப்போதுதான் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

காரணம் எளிது. 18650 செல் ஒன்று சுமார் 45 கிராம். பத்து செல் என்றால் செல் மட்டுமே 450 கிராம், அதோடு பிளாஸ்டிக் உறை, சர்க்யூட் போர்டு. ஒரிஜினல் 5 ஏஎச் பேட்டரி 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நான் வாங்கியது 400-ஐக்கூட எட்டவில்லை. அதற்குள் பத்து செல் இருக்க வழியே இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 21700 செல் கொண்ட 4 ஏஎச் பேட்டரி நியாயமாகவே 500 கிராம் அளவில் இருக்கும். ஆகவே அந்த மாடலின் எடையை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

போலியில் பணம் மட்டும் போவதில்லை. சூட்டையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் சர்க்யூட் அரைகுறையாக இருந்தால் சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கலாம். அடுக்குமாடியில் குழந்தைகளோடு வாழும் நாம் இருபது முப்பது வெள்ளி மிச்சத்துக்காக அந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஏழாம் படி: எங்கே வாங்குவது, என்ன கேட்பது

ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளுக்கு ஒருமுறை நேரில் போங்கள். கையில் பிடித்துப் பார்க்காமல் டிரில் வாங்கக் கூடாது. பிடி தடிமன், பேட்டரி போட்ட பிறகு எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. கடைக்காரரிடம் மூன்று கேள்வி போதும். உள்ளூர் முகவரின் வாரண்டியா, கடையின் வாரண்டியா? பேட்டரிக்கு எத்தனை மாதம்? பேட்டரியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி என்ன? மூன்று வருடம் கிடங்கில் கிடந்த பேட்டரியைப் புதிய விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் "லெமன் சட்டம்" இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கடைக்காரர் வேறுவிதமாக நிரூபிக்காதவரை, அது வாங்கும்போதே இருந்த குறை என்றே கருதப்படும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கரோசல் இணையத்தளத்தில் தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய கருவியின் உடலை வாங்கலாம், பழைய பேட்டரியை வாங்காதீர்கள்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவழைத்தால் சார்ஜரைக் கவனியுங்கள். அங்கே 100, 120 வோல்ட். அதற்கென்றே செய்த சார்ஜரை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றே முடிந்தது.

எட்டாம் படி: சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

நம் ஊர் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் பேட்டரியை விட்டுவருவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் முதல் காரணம். வேலை முடிந்து கொதிக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் முழுச் சார்ஜிலும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பாதி அளவு நல்லது. தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வாசல் கதவை ஒட்டியும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். உப்பிய, அடிபட்ட பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

ஆயுள் முடிந்த பேட்டரி குப்பைக் குழாயில் போடும் பொருளல்ல. மின்கழிவு சேகரிப்புத் திட்டம் 2021 ஜூலை முதல் நடக்கிறது. எந்தத் தொட்டியில் எந்தப் பேட்டரியைப் போடலாம் என்பதைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் பார்த்து, முனைகளில் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

ஊரில் அப்பாவுக்கோ தம்பிக்கோ ஒரு டிரில் செட் வாங்கிக்கொண்டு திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் நிறையப் பேர். கருவியும் பிட்டும் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். தனி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் நிறுத்திவிடுவார்கள். 100 வாட்-அவர் வரை பொதுவாகச் சிக்கல் இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 18 வோல்ட் 5 ஏஎச் 90 வாட்-அவர், அது போகும். அதே குடும்பத்தின் 6 ஏஎச் 108 ஆகிவிடும், முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆகவே ஊருக்கென்று வாங்கும்போது 5 ஏஎச்சோடு நின்றுகொள்ளுங்கள். டிரில்லில் மாட்டியபடி விடாமல் பேட்டரியைக் கழற்றி, முனைகளை மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். சார்ஜர் பிரச்சினையில்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் சதுர முள் பிளக்குக்கு ஓர் அடாப்டர் போதும். வாரண்டி மட்டும் கடல் தாண்டி வருமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். இல்லை என்றால், ஊருக்குப் பக்கத்து டவுனில் எந்தப் பிராண்டின் பேட்டரி கிடைக்கிறது என்று தம்பியை விசாரிக்கச் சொல்லிவிட்டு, அதையே இங்கே வாங்குங்கள்.